முதல் மாணவர்

கல்லூரியிலிருந்து அந்தத் தொலைபேசி அழைப்பு வந்த நாள் முதல், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கண்ணாடிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "உங்க பையன்தான் சார் இந்த வருஷம் முதல் மாணவர். ஞாயித்துக்கிழமை விழாவுக்குக் குடும்பத்தோட வந்துடுங்க" என்று ஒரு பெண் சொன்னாள். மேற்கொண்டு அவள் என்னென்னவோ சொன்னாள். எதுவும் அவர் காதில் ஏறவில்லை. போனை வைத்த கையோடு பக்கத்துத் தையல் கடை, எதிர் மருந்துக் கடை, மாடி வீடு என்று ஒன்று விடாமல் இனிப்பு கொடுத்துவிட்டுத்தான் மனிதர் ஓய்ந்தார்.

அன்றைக்கே மகனின் தோளில் கை போட்டுக்கொண்டு தெருவில் நடந்தும் வந்தார். தெருவே அதை வேடிக்கை பார்த்தது. அதுவரைக்கும் அந்தத் தோளை அவர் தூக்கத்திலிருந்து உலுக்குவதற்குத்தான் தொட்டிருக்கிறார்.

பையனுக்கு வீட்டில் துரை என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை, நடத்தையால் வந்த பேர். கூப்பிட்ட குரலுக்கு எழுந்திருக்க மாட்டான். குடித்த டம்ளரை எடுத்து வைக்க மாட்டான். பரீட்சை என்றைக்கு என்று அக்காவைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வான். அந்த அக்கா பெரிசு. இரட்டைப் பிள்ளைகளில் கொஞ்சம் முந்திக்கொண்டு பிறந்துவிட்டதால் பெரிசு. இரண்டு பேரும் ஒரே கல்லூரியில், ஒரே இயற்பியல் வகுப்பில் மூன்று வருஷம் படித்து முடித்திருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட துரை எப்படி முதலாவதாக வந்தான் என்று கண்ணாடிக்காரர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பிள்ளை நமக்குத் தெரியாமல் படித்திருக்கிறான் என்று தானே முடிவு கட்டிக்கொண்டார். பெற்ற மனசு அப்படித்தான் கணக்குப் போடும்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. கடையின் உள்ளறையில் கண் சோதிக்கும் எழுத்துப் பலகை ஒன்று உண்டு. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து. எப்போதும் அதில் அர்த்தமில்லாத எழுத்துகள்தான் இருக்கும். அதை எடுத்துவிட்டுத் தன் கையாலேயே புதிதாக ஒன்று எழுதி மாட்டினார்.

என்
மகன்
கல்லூரியில்
முதல் மாணவர்

அதற்கும் கீழே, கடுகளவு எழுத்தில் இன்னொரு வரி இருந்தது. அதை இதுவரை ஒருவராலும் படிக்க முடியவில்லை.

கண் சோதிக்க வந்தவர்கள் எல்லாரும் இதை வாய்விட்டுப் படித்தே தீர வேண்டியிருந்தது. கண் சரியாகத் தெரியாதவர்கள்கூட, தெருவில் கேள்விப்பட்டதை வைத்து மளமளவென்று ஒப்பித்தார்கள். அதனால் அந்த வாரம் இரண்டு பேருக்குத் தப்பான பவரில் கண்ணாடி போனது தனிக் கதை.

*

சனிக்கிழமை காலை. விடிந்தால் விழா.

"என்னோட நல்ல சட்டை எங்கே?" என்று பீரோவைக் குடைந்துகொண்டிருந்தார் கண்ணாடிக்காரர்.

"கண்ணு முன்னாடிதான் தொங்குது" என்றாள் மனைவி. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. வெள்ளை யூனிஃபார்மில் கிளம்பிக்கொண்டிருந்தாள். "ஏங்க, பெரிசுகிட்ட ஒரு வார்த்தை பேசினீங்களா?"

"எதைப் பத்தி?"

"அவ மார்க்கைப் பத்தி."

"அவ மார்க்குக்கு என்ன குறைச்சல்? எப்பவும் நல்லாத்தானே வாங்குவா."

செருப்பை மாட்டிக்கொண்டே அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "நானும் தினம் கேக்கறேன். 'ஒண்ணுமில்லம்மா'ங்கறா. ஒண்ணுமில்லாதவ எதுக்குப் புஸ்தகத்தையெல்லாம் பெட்டியில போட்டுக் கட்டறா?"

"படிப்பு முடிஞ்சுது, கட்டறா. இதுல என்ன இருக்கு?"

"சரி, நீங்க சட்டையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அந்த 'சரி' சரியான 'சரி' இல்லை என்று அவருக்கே தெரிந்தது. ஆனால் கடையைத் திறக்க நேரமாகிவிட்டது.

*

அன்றைக்கு முதல் ஆளாக வந்தவர் அதே கல்லூரியின் அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருப்பவர். படிக்கும்போது எழுத்து அலைகிறது என்றார். கண்ணாடிக்காரருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. நாற்காலியில் உட்கார வைத்து, மூக்கின்மேல் சோதனைக் கண்ணாடியை மாட்டி, விளக்கைப் போட்டார்.

"படிங்க சார்."

"என்... மகன்... கல்லூரியில்... முதல் மாணவர்." சூப்பிரண்டு சிரித்தார். "அட, இந்த வருஷ முதல் மாணவர் உங்க பையனா?"

"என் பையனேதான்!" கண்ணாடிக்காரர் ஒரு லென்ஸை எடுத்து இன்னொன்றைச் செருகினார். "இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?"

"இப்பதான். அட, அடியில இன்னொரு வரி இருக்கே. 'மகளும்... அதே... வகுப்பு.'"

"சபாஷ்! அந்த வரியைப் படிச்ச மொத ஆள் நீங்கதான் சார்."

"மகளா? பட்டியல்ல அதே அப்பா பேர் போட்டிருக்கே, அப்போ அந்தப் பொண்ணும் உங்களோடதுதானா?" சூப்பிரண்டின் முகம் மாறியது. "அடப் பாவமே. அரை மார்க்ல போச்சே சார் அதுக்கு."

"எது போச்சு?"

"முதல் மாணவி. ரெண்டு வருஷமா அதுதான் முதல்ல நின்னுச்சு. கடைசிப் பருவத்துல இன்னொரு பொண்ணு அரை மார்க் முந்திடுச்சு. உங்க பொண்ணு ரெண்டாவது."

கண்ணாடிக்காரருக்குக் குழம்பியது. "இருங்க சார். என் பையன் முதல்ல இருக்கான். அப்போ அந்தப் பொண்ணு ரெண்டாவது, என் பொண்ணு மூணாவதுன்னுதானே வரணும்?"

சூப்பிரண்டு மூக்குமேல் இருந்த கண்ணாடியோடு அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தத் தடித்த லென்ஸுக்குள் அவர் கண்கள் பெரிதாகத் தெரிந்தன.

"சார், உங்களுக்கு யாரும் விளக்கமாச் சொல்லலையா? முதல் மாணவர்னா பசங்கள்ல முதல். மொத்த வகுப்புல உங்க பையன் இருபத்திமூணாவது. அவனுக்கு மேல இருக்கற இருபத்திரெண்டு பேரும் பொண்ணுங்க."

கண்ணாடிக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

"மாணவர்னா எல்லாரையும்தானே சொல்லும்?" என்றார், கடைசியில். "மாணவன்னா ஆம்பளை. மாணவின்னா பொம்பளை. மாணவர்னா பொதுதானே சார்? பள்ளிக்கூடத்துல அப்படித்தானே சொல்லிக் குடுத்தாங்க?"

"மரியாதைக்கு 'மாணவர்'னு போட்டுட்டாங்க. அந்தக் காலத்துல பொண்ணுங்க நாலஞ்சு பேர்தான் படிக்க வருவாங்க. அவங்களை உற்சாகப்படுத்தணும்னு 'முதல் மாணவி'ன்னு தனியா ஒரு பதக்கம் வச்சாங்க. இப்ப எல்லாம் தலைகீழ். பசங்க பதக்கம்தான் இப்ப உற்சாகப்படுத்தற பதக்கம்." சூப்பிரண்டு பெருமூச்சு விட்டார். "எடுத்துடலாம்னு ஒரு தடவை பேச்சு வந்துச்சு. அதையும் எடுத்தா பசங்க வகுப்புக்கே வர மாட்டாங்கன்னு முதல்வர் வருத்தப்பட்டார். தப்புன்னும் சொல்ல முடியல, சரின்னும் சொல்ல முடியல. பதக்கத்தோட முதுகலையில நேரடியா இடம் வேற போகுது. உங்க பையனுக்கு ஒண்ணு, அந்த முதல் பொண்ணுக்கு ஒண்ணு."

"என் பொண்ணுக்கு?"

"நுழைவுத் தேர்வு எழுதியிருந்தா வந்திருக்கும். அது விண்ணப்பமே போடல. எப்படியும் நாமதான் முதல்னு இருந்துடுச்சு போல."

பிறகு சூப்பிரண்டு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க சொன்ன மாதிரி படிச்சா ஒரு வேடிக்கை நடக்கும் சார்" என்றார். "மாணவர்னா பொதுன்னு வையுங்க. முதல்ல வந்த பொண்ணு முதல் மாணவர் ஆயிடும். முதல் மாணவி இடம் காலியாகும். அது அடுத்த பொண்ணுக்கு, அதாவது உங்க பொண்ணுக்கு வந்துடும்."

"என் பையனுக்கு?"

"ஒண்ணுமில்ல."

கண்ணாடிக்காரர் கையிலிருந்த லென்ஸைப் பெட்டியில் போட்டார்.

"இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்ல. சாயங்காலம் முதல்வர் பட்டியல்ல கையெழுத்துப் போடறார். அதுக்குள்ள பெத்தவங்க யாராவது எழுதிக் குடுத்தா குழு கூடித்தான் ஆகணும். நான் சொன்னேன்னு மட்டும் எங்கேயும் சொல்லிடாதீங்க, என் வேலைக்கு உலை வச்சுடாதீங்க." மூக்கிலிருந்த கண்ணாடியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, பவர் என்ன என்றுகூடக் கேட்காமல் அவர் கிளம்பிவிட்டார்.

*

கண்ணாடிக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவிக்குப் போன் போட்டார். வேலை நேரத்தில் அவள் எடுக்க மாட்டாள். அன்றைக்கு எடுத்தாள். ஒன்று விடாமல் கொட்டினார். பையன் இருபத்திமூன்றாவது, பெண் இரண்டாவது, மாணவர், மாணவி, பொதுச்சொல், சாயங்காலம் கையெழுத்து. இடையில் இரண்டு தடவை அவருக்கே கணக்குப் பிசகி மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

"இப்ப நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

"ம்" என்றாள் அவள். போனை வைத்துவிட்டாள்.

அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று யோசித்துக்கொண்டே கடையைச் சாத்திவிட்டுப் பின்கட்டுக்குப் போனார். கடைக்குப் பின்னாலேயே வீடு.

பெரிசு தரையில் உட்கார்ந்து அட்டைப் பெட்டிக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தாள். "என்னப்பா, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"நீ ரெண்டாவதாம்மா?"

கயிறு அப்படியே நின்றது. "யார் சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. நீ ஏன்மா சொல்லல?"

"நீங்க கேக்கலையே." அதைக் கோபமில்லாமல் சொன்னாள், அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "சொல்லலாம்னுதான் வந்தேன். அதுக்குள்ள இனிப்பை வாயில ஊட்டிட்டீங்க. வாய் நிறைய இனிப்பை வச்சுக்கிட்டு என்னத்தைச் சொல்றது?"

"நுழைவுத் தேர்வு எழுதியிருக்கலாமே?"

"எழுதியிருக்கலாம். திமிரு, எழுதல. என் தப்புதான்." முடிச்சை இறுக்கினாள். "ஒரு வருஷம் வீட்ல இருக்க வேண்டியதுதான். ஆனா ஒரு வருஷம் வீட்ல இருந்தா அப்புறம் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். பெரியப்பா இப்பவே ரெண்டு மாப்பிள்ளை பார்த்து வச்சிருக்கார்."

"நான் விட்டுடுவேனா?"

"விட மாட்டீங்க. ஆனா 'சும்மா பார்த்துட்டுத்தான் போகட்டுமே'ன்னு சொல்லுவீங்க." அவள் லேசாகச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. சொல்லக்கூடிய ஆள்தான் தான் என்று அவருக்குத் தெரியும்.

துரை ஈரத்தலையோடு வந்து கதவில் சாய்ந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"குட்டு உடைஞ்சுடுச்சா?" என்றான்.

"உனக்கும் தெரியுமாடா?"

"எனக்குத் தெரியாதாப்பா, நான் இருபத்திமூணாவதுன்னு? அன்னைக்கே சொல்லத்தான் வந்தேன். நீங்க தோள்ல கை போட்டீங்க." அவன் ஈரத்தலையைத் துடைத்துக்கொண்டான். "அப்புறம் எப்படிச் சொல்றது? கையை எடுத்துடுவீங்கல்ல."

கண்ணாடிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். அழவேண்டுமா திட்டவேண்டுமா என்று விளங்கவில்லை. வாய்க்கு வந்ததைக் கேட்டார். "ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஒரே வகுப்பு. அவ ரெண்டாவது, நீ இருபத்திமூணாவது. உன் மேல மட்டும் ஏன்டா ஒண்ணும் ஒட்டல?"

"முன் பெஞ்சு பொண்ணுங்களோடதுன்னு ஆயிடுச்சுப்பா. ஒரு பையன் அங்கே போய் உட்கார்ந்தா கிண்டல். நூலகத்துக்குப் போனா கிண்டல். சந்தேகம் கேட்டா அதுக்கும் கிண்டல். பசங்கன்னா படிக்காமலே பாஸாகணும், அதான் கெத்து. படிச்சும் வரலைன்னா மானம் போயிடும். அதனால படிக்கறதே இல்ல."

"இது ஒரு காரணமா?" என்றார் அவர்.

"காரணம்தான்" என்றாள் பெரிசு. "எனக்கு மார்க் குறைஞ்சா வீட்ல உட்கார வச்சுடுவாங்கன்னு பயம். பயத்துல படிச்சேன். இவனுக்கு மார்க் குறைஞ்சப்போ நீங்க என்ன சொன்னீங்க? 'ஆம்பளைப் பையன், எப்படியும் பொழைச்சுக்குவான்'னீங்க. அவனும் அதையே நம்பிட்டான்."

அவர் எப்போது அப்படிச் சொன்னார் என்று யோசித்தார். எப்போது சொல்லாமல் இருந்தார் என்றுதான் ஞாபகம் வரவில்லை.

"எனக்கு இந்த இடம் வேண்டாம்ப்பா" என்றான் துரை. "நான் போய் எழுதிக் குடுத்துடறேன். அவளே எடுத்துக்கட்டும்."

"நான் தலைபாடா சொல்லிட்டேன்ப்பா, இவன் மண்டையில ஏறல" என்றாள் பெரிசு. "டேய், நீ விட்டா அது எனக்கு வராது. அடுத்த பையனுக்குப் போகும். அவன் முப்பதாவதோ என்னவோ. அவனுக்குப் போறதுக்கு நீயே படிச்சுத் தொலை. உனக்கு மூளை இல்லாம இல்ல. ஒளியியல் பரீட்சைக்கு நான் ஒரு தடவை சொல்லிக் குடுத்ததை வச்சே என்னைவிட நல்லா எழுதினியே."

துரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அப்பாவைப் பார்த்தான்.

"படிக்கட்டுமாப்பா? முன் பெஞ்சுலயே உட்கார்றேன். எவன் கிண்டல் பண்ணாலும் பரவாயில்ல. நிஜமாவே படிக்கறேன்."

இருபது வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் ஏங்கியிருந்தார். அது இன்றைக்கா வரவேண்டும்? சூப்பிரண்டு சொன்னதில் பாதியை அவர் இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் பெண்ணுக்கு இடம் கிடைக்கலாம், பையனுக்குக் கிடைத்தது போய்விடும். சொல்லாவிட்டால் பெண்ணின் புத்தகம் பெட்டியோடு பரணுக்குப் போகும்.

"படிடா" என்றார். அதை மட்டும்தான் சொன்னார். மிச்சத்தை மென்று விழுங்கிவிட்டு, கடையில் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார்.

*

கடையில் ஒரு வேலையும் இல்லை. உள்ளறையில் விளக்கைப் போட்டு, ஆட்களை உட்கார வைக்கும் நாற்காலியில் தானே உட்கார்ந்தார். எதிரே பலகை. 'என் மகன்' பளிச்சென்று தெரிந்தது. 'முதல் மாணவர்' தெரிந்தது. அதற்குக் கீழே ஏதோ எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. தானே எழுதிய வரி, தனக்கே படிக்க வரவில்லை. பெற்ற பெண்ணை அந்த அளவு எழுத்தில் எழுதியிருக்கிறோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. ஈரத்துணியை எடுத்தார். எதை அழிப்பது, எதை விடுவது என்று தெரியாமல் துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

வெளியே வெயில் சாய்ந்துவிட்டது. இந்நேரம் முதல்வர் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று நினைத்தபோது, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. தான் முடிவெடுக்காமலே ஒரு முடிவு வந்துவிட்டதே.

போன் அடித்தது. சூப்பிரண்டு.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க! என் பேர் வரக்கூடாதுன்னு எவ்வளவு தூரம் சொன்னேன்!"

"நான் எதுவும் பண்ணலையே சார்."

"பண்ணாமத்தான் குழு கூடியிருக்கா? 'மாணவர் என்பது பொதுச்சொல்'னு மனு வந்திருக்கு. முதல்வர் கையெழுத்துப் போடாம பேனாவை மூடி வச்சுட்டார். தமிழ்த் துறைத் தலைவரைக் கூப்பிட்டிருக்காங்க. நாளைக்குக் காலையில விழாவுக்கு முன்னாடிதான் முடிவு தெரியும்."

"நான் வீட்டை விட்டே நகரலை சார். மனுவை யார் குடுத்தா?"

"உங்க வீட்டம்மாதான். வெள்ளை யூனிஃபார்மோட நேரா முதல்வர் அறைக்குள்ள போய் நின்னாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதில் சொல்வதற்குள் கடைவாசலில் நிழல் தெரிந்தது. அவள்தான். வேலை முடிந்து எப்போதும் வருகிற நேரத்தைவிடத் தாமதமாக வந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"என்னைக் கேட்டிருக்கலாமே?" என்றார் அவர், போனை வைத்துவிட்டு.

"கேட்டா நீங்க யோசிப்பீங்க. யோசிச்சுக்கிட்டே இருப்பீங்க. பொழுது போயிடும்." அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கினாள். "நீங்க படிச்ச மாதிரியேதான் எழுதிக் குடுத்தேன். மாணவர்னா எல்லாரும். அவனுக்கென்ன, எப்படியும் பதக்கமே வேண்டாம்னுதானே சொல்லுவான்? அவன் எங்கேங்க படிக்கப்போறான்?"

அவர் வாயைத் திறந்தார்.

பின்கட்டுக் கதவு திறந்தது. துரை நாளைக்கு என்று எடுத்து வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். தானே இஸ்திரி போட்டிருக்கிறான். ஒரு கையில் மடிப்பு இரண்டு கோடாக விழுந்திருந்தது. அவனுக்குப் பின்னால் பெரிசு நின்று கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"அம்மா, வந்துட்டீங்களா! விஷயம் தெரியுமா? பெரிசு கட்டி வச்ச பெட்டியை நான் பிரிச்சுட்டேன். அந்தப் புஸ்தகமெல்லாம் இனிமே எனக்கு. இன்னைக்கே முதல் பாடம் ஆரம்பிச்சாச்சு." சிரித்துக்கொண்டே அவன் கையை விரித்துக் காட்டினான். "எப்படிம்மா இருக்கு, முதல் மாணவர் சட்டை?"

நர்ஸம்மா மகனைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு, இது தெரிந்துமா சொல்லாமல் இருந்தீர்கள் என்பதுபோலக் கணவனைப் பார்த்தாள்.

"நல்லா இருக்குடா" என்றாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். "ரெண்டு பேரும் இங்கே வாங்க. அம்மா ஒரு காரியம் பண்ணிட்டேன்."